பட்டைக் காத்தோம், நெஞ்சைக் காத்தோமா?

(காஞ்சிபுரத்தில் கழக இளைஞர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு, ஏட்டின் வாசகர்க்காக எழுத்துருவில்)



இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் புகை. ஆம், புகைதான்! ஆலைப் புகையன்று, அடுப்புப் புகையன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் வாய்வழியே உள்ளிழுத்து மூக்குவழியே வெளிவிடுகிறார்களே, அந்தப் புகை.

"நெசவாளிக்குக் கூலி போதவில்லை, பட்டு நூலும் சரிகையும் விலையேறி நிற்கின்றன, படித்த பிள்ளைக்கு வேலை கிட்டவில்லை. இத்தனை இன்னல்களுக்கிடையே பீடியைப்பற்றியும் சிகரெட்டைப்பற்றியும் பேச ஓர் அரசியல் மேடையா? இஃதென்ன மடாலயமா, இவர் என்ன மடாதிபதியா?" என்று கேட்கத் துடிக்கும் தோழர்கள் இருப்பர். கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஏன், எதற்கு, எப்படி என்று கேட்கச் சொல்லித்தந்த இயக்கமன்றோ இது!

நான் ஒழுக்கம் போதிக்க வரவில்லை. பீடி பிடிப்பவன் கெட்டவன், பிடிக்காதவன் உத்தமன் என்று ஊரை இரண்டாகப் பிரித்துக் காட்டவும் வரவில்லை. நான் கேட்பன இரண்டே கேள்விகள். இலாபம் யாருக்கு? இழப்பு யாருக்கு? முதற்கேள்விக்கு ஒருவனும், இரண்டாம் கேள்விக்கு வேறொருவனும் விடையாக வந்து நிற்கும் இடத்திலேதான் அரசியல் பிறக்கிறது. புகை, அப்படிப்பட்ட இடம்!

எண்ணமும் எண்ணிக்கையும்

'இளைஞர்கள் புகைக்கிறார்கள்' என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவன் யார்? பட்டணத்துப் பிள்ளை! கல்லூரிக்கு எதிரிலுள்ள தேநீர்க் கடையிலே, தோளிலே பையும் விரலிடுக்கிலே சிகரெட்டுமாக நிற்கிறானே, அவன். நகரம் கெட்டது, நாட்டுப்புறம் கெடவில்லை. நாகரிகம் கொண்டுவந்த நோய் இது. வயற்காட்டுப் பிள்ளையையும் தறிவீட்டுப் பிள்ளையையும் இது அண்டாது. இப்படித்தான் நம்மிற்பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எண்ணத்தை எண்ணிக்கையோடு உரசிப் பார்ப்போம், வாருங்கள்.

2019-ஆம் ஆண்டு, இந்தியா முழுவதிலும் 987 பள்ளிகளில், உலக இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. 13 வயது முதல் 15 வயது வரையுள்ள மாணவ மாணவியரைக் கேட்டார்கள். புகையாகவோ மெல்வதாகவோ, ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு 8.5 பேர் என்று தெரியவந்தது. இதிலே நகரம் எவ்வளவு, கிராமம் எவ்வளவு? நகரத்துப் பள்ளிகளில் நூற்றுக்கு 5.5, நாட்டுப்புறத்துப் பள்ளிகளில் 9.4! மீசை அரும்பாத வயதிலேயே நாட்டுப்புறம் நகரத்தை முந்திவிடுகிறது.

பிள்ளைகள் கணக்கு அப்படியென்றால், பெரியவர்கள் கணக்கு எப்படி? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது: புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்தும் ஆடவர், நகரத்தில் நூற்றுக்கு 28.8, கிராமத்தில் 42.7. பெண்களிலோ நகரத்தில் 5.4, கிராமத்தில் 10.5. எந்தப் பக்கம் புரட்டினாலும் கிராமமே மேலே நிற்கிறது. வருமானத்திலே கீழே, வசதியிலே கீழே, மருத்துவத்திலே கீழே; இதிலே மட்டும் மேலே!

காரணமென்ன? காரணத்தின் பெயர் பீடி. 2016-17-இல் நடந்த கணக்கெடுப்பின்படி, நாட்டில் சிகரெட் பிடிக்கும் பெரியவர் நூற்றுக்கு நால்வர். பீடி பிடிப்போரோ ஏறத்தாழ எண்மர். அந்தப் பீடியும் நகரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கிராமத்தில் புகைகிறது. நாம் பார்த்துப் பதறுவது சிகரெட்டை. பாராமலே விட்டுவிட்டது பீடியை. பணக்காரப் புகை நம் கண்ணிலே படுகிறது. பாட்டாளியின் புகை நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பழகிப் போய்விட்டது, தோழர்களே, பழகிப் போய்விட்டது!

நல்ல செய்தியும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 13 முதல் 15 வயது மாணவரிடையே 2009-இல் நூற்றுக்கு 14.6 ஆக இருந்ததுதான் 2019-இல் 8.5 ஆகக் குறைந்தது. 15 முதல் 24 வயது வரையுள்ள இளைஞரிடையே 2009-10-இல் 18.4 ஆக இருந்தது, 2016-17-இல் 12.4 ஆகக் குறைந்தது. ஆகவே, 'இது தீராத நோய், திருத்தமுடியாத தலைவிதி' என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். விதி என்ற சொல்லையே ஏற்காதவர்கள் நாம்! சட்டம் செய்தார்கள், குறைந்தது; எச்சரித்தார்கள், குறைந்தது; வரி போட்டார்கள், குறைந்தது. ஆனால் நாடு முழுவதும் குறைந்த அதே காலத்தில், நம் தமிழ்நாட்டில் பெரியவர்களின் கணக்கு நூற்றுக்கு 16.2-லிருந்து 20-ஆக உயர்ந்தது என்பதையும் அதே கணக்கெடுப்பு காட்டிற்று. வெட்கித் தலைகுனிய வேண்டிய எண் அது.

காஞ்சியின் இரு பிள்ளைகள்

எண்களை விட்டு இறங்கி, நம் ஊர்த் தெருவுக்கு வருவோம். காஞ்சி நகரம், கோயில் நகரம். காஞ்சி நகரம், தறி நகரம். ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர், பிள்ளையார்பாளையத்துத் தறியொலியைக் காது கொடுத்துக் கேளாமல் திரும்பிவிடலாம். நாம் திரும்பிவிடக் கூடாது.

தறிவீட்டுப் பிள்ளையை முதலில் பாருங்கள். வைகறையிலே தெருவில் பாவு நீட்டுவதற்குக் கைகொடுக்கிறான். பிறகு குழித்தறியிலே துணைக்கு அமர்கிறான். நாடா இப்புறமும் அப்புறமும் ஓடுகிறது; பொழுதும் ஓடுகிறது. இடுப்பு கடுக்கிறது, கண் எரிகிறது. தறிக்குழியில் அமர்ந்து எவனும் பீடி பற்றவைப்பதில்லை. ஏன்? ஒரு பொறி விழுந்தால் போதும், பட்டு பொசுங்கிப் போகும். பல நாள் உழைப்பு பாழாகும். ஆகவே நெசவாளி எழுந்து வெளியே வருகிறான். திண்ணையோரத்தில் குந்தி, பீடியைப் பற்றவைக்கிறான். பட்டுக்குப் பொறி ஆகாது என்பதை அறிந்தவன், நெஞ்சுக்கு நெருப்பு ஆகுமா என்பதை எண்ணவில்லை. மணமகளின் தோளில் விழப்போகும் சேலையைக் காத்தான். தன் நுரையீரலைக் காத்தானில்லை! சேலைக்கு விலை உண்டு, நெசவாளிக்கு விலை இல்லை என்று உலகம் அவனுக்குக் கற்பித்திருக்கிறது. கற்ற பாடத்தின்படி நடக்கிறான்.

இன்னொரு காட்சி. "டேய் தம்பி, ஓடிப்போய் ஒரு கட்டு பீடி வாங்கிக்கொண்டு வா!" என்கிறார் பெரியவர். சிறுவன் ஓடுகிறான். பெட்டிக்கடைக்காரருக்கு அவனைத் தெரியும். அவன் யாருக்கு வாங்குகிறான் என்பதும் தெரியும். கேள்வி கேளாமல் கொடுக்கிறார். இன்று பெரியவருக்காக நீட்டிய கை, நாளை தனக்காக நீளும்போது மட்டும் கடைக்காரர் கேள்வி கேட்பாரா? பீடியைத் தொட்ட மாணவரில் நூற்றுக்கு 47 பேர் பத்தாம் பிறந்தநாளுக்கு முன்பே தொட்டவர்கள் என்று நான் முன்பு சொன்ன அந்த 2019 கணக்கெடுப்பு பகர்கிறது. சிகரெட்டில் இது 38. பத்து வயதுப் பாலகனுக்குப் பீடியை அறிமுகம் செய்துவைத்தது சினிமாவா? விளம்பரமா? இல்லை, 'ஓடிப்போய் வாங்கிவா' என்ற நம் வீட்டுக் கட்டளையும் அதற்கு ஒரு வழி திறந்தது!

இனி இரண்டாவது பிள்ளை. அதே தெருவில் பிறந்தவன். ஆனால் தறியில் அமர மறுத்தவன். 'அப்பன் பட்ட பாடு எனக்கு வேண்டாம்' என்று திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஆலை வேலைக்குப் போகிறான். நிறுவனத்துப் பேருந்து வந்து அழைத்துப்போகிறது. இரவு முறை முடிந்தால் விடியலில் கொண்டுவந்து விடுகிறது. உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்தும், வாலாஜாபாத்துப் பக்கத்திலிருந்தும், வேறு மாநிலங்களிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்குவோரும் உண்டு. உறக்கம் கெட்ட கண். ஒப்பந்தக் கூலியின் கவலை. பேச்சுத் துணைக்கு ஒரு தேநீர், தேநீருக்குத் துணையாக ஒரு சிகரெட். ஊரிலே மாமனைக் கண்டால் கையை மடக்கி மறைத்திருப்பான்; அங்கே மறைக்க வேண்டிய மாமனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. சுதந்திரம் என்று எண்ணுகிறான். மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி புகையாகப் போவதற்குப் பெயர் சுதந்திரமா?

இங்கேதான் நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்குமுள்ள வேறுபாட்டை நுணுகிப் பார்க்க வேண்டும். கிராமத்தில் மரியாதை என்ற ஒரு தடை இருக்கிறது. ஆனால் அது புகைப்பதைத் தடுக்கவில்லை, பெரியவர்முன் புகைப்பதை மட்டுமே தடுக்கிறது. நகரத்தில் அந்தத் தடையும் இல்லை; ஆனால் அங்கே பள்ளி இருக்கிறது, பலகை இருக்கிறது, அபராதம் கேட்கும் அதிகாரி எப்போதேனும் எதிர்ப்படுகிறார். கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது மலிவான பீடி. நகரத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது சில்லறையில் ஒற்றைச் சிகரெட். ஒருவன் களைப்பை மறக்கப் பிடிக்கிறான். மற்றவன் தனிமையை மறக்கப் பிடிக்கிறான். இருவருக்கும் உண்மையில் வேண்டியது ஓய்வு. இருவருக்கும் உலகம் கொடுப்பது புகை!

வந்தேறிய இலை

"தொன்றுதொட்டு வந்த பழக்கமாயிற்றே!" என்பார் சிலர். தொன்றுமில்லை, தொட்டதுமில்லை! சங்கத் தமிழன் புகையிலையைக் கண்டவனல்லன். அமெரிக்கக் கண்டத்திலே விளைந்த செடி அது; போர்த்துக்கேயர் கப்பலிலே இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தபின் வீட்டுப் பிள்ளைபோல் ஒட்டிக்கொண்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பார் 'புகையிலை விடு தூது' என்று ஒரு சிற்றிலக்கியமே பாடிவைத்தார். திண்டுக்கல்லும் உறையூரும் சுருட்டுக்குப் பெயர்போயின. வேதாரணியமும் யாழ்ப்பாணமும் இலைக்குப் பெயர்போயின. நானூறு ஆண்டு வழக்கத்தை நாலாயிரம் ஆண்டு மரபு என்று எண்ணுவது, பல மூடப்பழக்கங்களுக்கு நாம் செய்துவந்த அதே மரியாதை. அவற்றை மறுத்த நாம், இதை மட்டும் விட்டுவைப்பானேன்?

நம் இயக்கத்துக்கும் தேநீர்க் கடைக்குமுள்ள உறவு நாடறிந்தது. தேநீர்க் கடையிலே ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் சூழ்ந்து கேட்பர். முடிதிருத்தகத்திலும் மிதிவண்டிக் கடையிலும் அப்படியே. எழுதப் படிக்கத் தெரியாதவன் அரசியல் கற்ற பாடசாலைகள் அவை. அதே கடை வாயிலில், கனலும் நுனியோடு ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருக்கும், பீடி பற்றவைக்க! அறிவுச் சுடரும் அந்தக் கயிற்று நெருப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இன்று கயிறு போய், லைட்டர் தொங்குகிறது. ஏட்டைப் படிக்கும் குரலோ ஓய்ந்துவிட்டது. எது நிலைத்திருக்க வேண்டுமோ அது போயிற்று; எது போயிருக்க வேண்டுமோ அது நிலைத்துவிட்டது.

நான்கு மடங்கு

'பீடி பெரிய தீங்கில்லை. இலையிலே சுருட்டியது, இயற்கையானது' என்றொரு பேச்சு நாட்டுப்புறத்திலே உலவுகிறது. அந்தப் பேச்சு எத்தனை உயிர் குடித்திருக்கிறது என்பதை நம் நாட்டு ஆராய்ச்சியே காட்டியிருக்கிறது.

டாக்டர் கஜலட்சுமி அவர்களும், ஆக்ஸ்போர்டு அறிஞர் ரிச்சர்டு பீட்டோ முதலியோரும் ஓர் ஆய்வு நடத்தினர். எங்கே? இலண்டனிலா, நியூயார்க்கிலா? இல்லை, சென்னை மாநகரத்திலும், நமக்குப் பக்கத்திலுள்ள விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும்! 1990-களின் பிற்பகுதியில் இறந்துபோன 43,000 ஆடவர்களைப்பற்றி அவரவர் வீட்டாரிடம் கேட்டு, உயிரோடிருந்த 35,000 ஆடவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். 2003-இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டிலே முடிவு வெளிவந்தது. புகைப்பவர்க்குப் புற்றுநோய் வரும், இதயநோய் வரும் என்பது உலகறிந்தது. இந்த ஆய்வு காட்டியது வேறொன்றையும்: காசநோயால் சாகும் அபாயம் புகைப்பவனுக்குப் புகைக்காதவனைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு! நகரத்திலும் நான்கு மடங்கு, நாட்டுப்புறத்திலும் நான்கு மடங்கு. இந்தியாவில் காசநோய்க்கு இரையாகும் ஆடவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சாவுக்குப் புகை காரணம் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

காசநோய் யாருடைய நோய்? மாளிகைவாசியின் நோயா? நெருக்கமான வீட்டில், காற்றோட்டமில்லாத அறையில், அரைவயிற்றுச் சோற்றோடு உழைப்பவனைத் தேடி வரும் நோயன்றோ அது! ஒரே அறையில் தறியும் அடுப்பும் படுக்கையும் வைத்து வாழ்பவன், அதற்குமேல் பீடியையும் சேர்த்துக்கொண்டால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுமா? அவன் ஒருவன் மட்டுமல்லன். அவன் விடும் புகையை மனைவி இழுக்கிறாள், தொட்டிற்பிள்ளை இழுக்கிறது.

2008-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, புகை குடிக்கும் ஆண்டுகளை எண்ணிக் காட்டிற்று. சிகரெட் பிடிக்கும் இந்திய ஆடவன் சராசரி பத்தாண்டு ஆயுளை இழக்கிறான். பீடி பிடிப்பவன் ஆறாண்டு. பீடி பிடிக்கும் பெண் எட்டாண்டு. 'பார்த்தீர்களா, பீடி பரவாயில்லை!' என்று எவரும் துள்ள வேண்டா. ஒரு பீடியில் உள்ள புகையிலை, சிகரெட்டில் உள்ளதில் கால்பங்கே. கால்பங்கு இலை ஆறாண்டைத் தின்கிறதென்றால், எது கொடிது? நாளொன்றுக்கு ஒன்று முதல் ஏழு வரை மட்டுமே பீடி பிடிப்போரிடத்தும் சாவு கூடுதலாக இருந்தது. 'கொஞ்சமாகத்தானே பிடிக்கிறேன்' என்ற சமாதானத்துக்கும் இடமில்லை.

ஊர் எல்லையில் நின்றுவிட்ட சட்டம்

சட்டமில்லையா? இருக்கிறது; நல்ல சட்டமாகவே இருக்கிறது. 2003-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கிறது, விளம்பரத்தைத் தடுக்கிறது, 18 வயது நிரம்பாதவனுக்கு விற்பதைத் தடுக்கிறது, கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்பதைத் தடுக்கிறது. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் பொது இடத் தடையின் விதிகள் இறுக்கப்பட்டன. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமோ, சிறுவனுக்குப் புகையிலை கொடுப்பவனுக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது. குட்காவும் பான்மசாலாவும் தமிழ்நாட்டில் 2013-இல் தடைசெய்யப்பட்டன. மின்சிகரெட்டை 2019-இல் நாடு முழுவதும் தடைசெய்தனர். பெட்டியின் முகப்பில் 85 விழுக்காட்டு இடத்தை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொள்ள வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் நடைமுறை.

படம் இருக்கிறது, பார்ப்பவன் யார்? ஒற்றைச் சிகரெட் வாங்கும் பையன் பெட்டியைப் பார்ப்பதில்லை. கடைக்காரர் உருவிக் கொடுக்கிறார், அவன் பற்றவைக்கிறான். பெட்டி வாங்கும் வசதியுள்ளவனுக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. ஒன்று மட்டும் வாங்கும் ஏழைக்கு எச்சரிக்கையும் கிடைப்பதில்லை! வரியும் அப்படியே. சிகரெட்டின்மீது விழும் வரிச்சுமை பீடியின்மீது விழுவதில்லை. ஏழையின் பொருளுக்கு வரி குறைவு என்று கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஏழையின் அரிசிக்கு வரி குறையட்டும், துணிக்குக் குறையட்டும், மருந்துக்குக் குறையட்டும். அவன் மார்பை அரிப்பதற்கு மட்டுமா சலுகை?

'இங்கு புகைத்தல் குற்றம்' என்ற பலகை பேருந்து நிலையத்தில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. காஞ்சி 2021-இல் மாநகராட்சியாயிற்று. மாநகராட்சி எல்லைக்குள் பலகைகள் பெருகலாம். ஆனால் பத்துக் கல் தள்ளியுள்ள சிற்றூரின் தொடக்கப்பள்ளிக்கு எதிரே 100 கெஜத்தை அளந்து பார்ப்பவர் எவர்? சட்டம் பேருந்தில் ஏறிக் கிராமத்துக்குப் போகவில்லை. கட்சிதான் போயிருக்கிறது! காவலர் நுழையாத தெருவிலும் நம் கொடிக்கம்பம் நிற்கிறது. ஆகவேதான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

சுருட்டும் கைகளும் சுடப்படும் நெஞ்சும்

ஒரு நியாயமான கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. "பீடியை எதிர்த்தால் பீடி சுற்றும் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகாதா?" குடியாத்தத்தில், முக்கூடலில், மேலப்பாளையத்தில், வீட்டு வாயிலில் முறத்தை மடியில் வைத்து, இலையை நறுக்கி, தூளை நிரப்பி, நூலைச் சுற்றும் கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. 1966-இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. 1976-இல் நலநிதிச் சட்டம் வந்தது. சட்டங்கள் வந்தும் அந்தக் கைகள் நிமிர்ந்துவிடவில்லை. நாள் முழுவதும் புகையிலைத் தூளைச் சுவாசிப்பவளும் அவளே.

எனவே நாம் சொல்வது இது: பீடி சுற்றும் தாயும், பீடி பிடிக்கும் மகனும் எதிரிகள் அல்லர். ஒருத்தியின் வறுமையையும் மற்றவனின் களைப்பையும் ஒரே முதலாளி விற்றுக் காசாக்குகிறான். அவளுக்கு வேறு கௌரவமான தொழில் வேண்டும் என்பதையும், அவனுக்குப் பீடி வேண்டாம் என்பதையும் ஒரே மூச்சில் கேட்பதுதான் தொழிலாளர் அரசியல். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை மறப்பது அரைகுறை அரசியல்.

காரப்பேட்டை சொல்லும் பாடம்

காஞ்சி மண்ணிலே நின்றுகொண்டு, காஞ்சி பெற்ற அறிஞரைப்பற்றிப் பேசாமல் இந்தப் பொருளை முடிக்க இயலாது. 1909 செப்டம்பர் 15-இல் ஒரு நெசவாளர் குடும்பத்தில் இங்கே பிறந்தார் அண்ணா. 1967 மார்ச்சு 6-இல் முதலமைச்சரானார். 1969 ஜனவரி 14-இல் இந்த மாநிலம் 'தமிழ்நாடு' என்ற பெயரைப் பெற்றது. அதன்பின் இருபதே நாள்! பிப்ரவரி 3-இல் அவரைப் பறிகொடுத்தோம். வயது 59. உணவுக்குழாயிலே புற்று. நியூயார்க்கு வரை சென்று அறுவை செய்தும் மீளவில்லை.

பொடியும் புகையிலையும் அவருக்குப் பழக்கமாக இருந்தது ஊரறிந்த செய்தி. ஒரு தனிமனிதருடைய நோய்க்கு இதுவே காரணமென்று அறுதியிட்டுக் கூற எவராலும் ஆகாது. ஆயினும், உணவுக்குழாய்ப் புற்றுக்குப் புகையிலை முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பது மருத்துவம் ஐயமற நிறுவிய உண்மை. தலைவரிடம் அன்பு கொண்டவர்கள் இந்த உண்மையைப் பேசக் கூசுகிறார்கள். நான் கூசவில்லை. பகுத்தறிவு கற்பித்தவரிடம் நாம் காட்டும் மரியாதை, பகுத்தறிவோடு அவர் வாழ்வையும் படிப்பதுதான். முதலமைச்சராக இரண்டாண்டுகூட நிறைவுபெறாத அந்த வாழ்வு இன்னும் பத்தாண்டு நீண்டிருந்தால் இந்த நாடு என்ன ஆகியிருக்கும் என்று ஏங்காத தமிழன் உண்டா?

அவர் பெயரால் இதே காஞ்சியில், காரப்பேட்டையில், அரசின் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. வடமாவட்டங்களிலிருந்து ஏழை எளியவர் அங்கே வருகிறார்கள். சிலைக்கு மாலை போட வருடத்துக்கு இருமுறை திரள்கிற நாம், ஒருமுறை அந்த மருத்துவமனை வாயிலிலும் போய் நிற்க வேண்டும். வாய்ப்புற்றும் தொண்டைப்புற்றும் கொண்டு வருவோரின் கைகளைப் பாருங்கள். உழவுக் கையா, தறிக் கையா, கோப்புப் புரட்டிய கையா என்று பாருங்கள். நான் அடுக்கிய எண்களெல்லாம் அங்கே மனித முகத்தோடு அமர்ந்திருக்கும்.

என்ன செய்யலாம்?

பேசிக் கலைவது நம் வழக்கமன்று. கிளைக் கழகம் ஒவ்வொன்றும் செய்யக்கூடியவை சில உண்டு. இவற்றுக்குக் கோட்டையின் உத்தரவு தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

முதலாவதாக, எந்தத் தோழரும் சிறுவனைக் கடைக்கு அனுப்பிப் பீடியோ சிகரெட்டோ வாங்கிவரச் சொல்லலாகாது. பிடிப்பவர் தாமே எழுந்து போகட்டும். நடக்கும் தொலைவு அவருக்கும் நல்லது.

அடுத்து, உங்கள் ஊர்ப் பள்ளியின் வாயிலிலிருந்து 100 கெஜத்தை அளந்து பாருங்கள். அதற்குள் விற்கும் கடைக்காரர் நம்மைப்போன்ற ஏழையாகத்தான் இருப்பார். கணவனை இழந்த ஒரு தாயாகவும் இருக்கலாம். மிரட்டாதீர்கள்; படம் பிடித்து அவமானப்படுத்தாதீர்கள். "அம்மா, நம் பிள்ளைகள்தானே!" என்று எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் வாங்கும் வேறு சரக்கை வைக்க வழிகாட்டுங்கள்.

மூன்றாவது, நமக்கே சுடும் செய்தி. சுவரெழுத, கொடிகட்ட, வாக்காளர் சீட்டு வழங்க இளைஞர்கள் வருவார்கள். இரவெல்லாம் கண்விழிக்கும் அவர்களுக்குத் தேநீரோடு சிகரெட்டையும் சேர்த்து வழங்கும் வழக்கம் தேர்தல் களத்தில் எல்லாக் கட்சியாரிடமும் உண்டு. இலட்சியத்துக்காக வந்த பதினேழு வயதுப் பிள்ளைக்கு இயக்கம் தரும் முதற்பரிசு அதுவா? சோறு போடுங்கள், மோர் கொடுங்கள், வழிச்செலவு தாருங்கள், புகையைத் தராதீர்கள்.

நான்காவது, விட விரும்புவோனுக்குத் துணை நில்லுங்கள். 1800-112-356 என்ற இலவசத் தொலைபேசி எண் இதற்கென்றே இயங்குகிறது. நகரத்துப் பிள்ளை வலையிலே தேடிக் கண்டுபிடிப்பான், கிராமத்துத் தோழனுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நம் தோழர்கள் உறுப்பினராக இருக்கிறார்கள்; இரண்டு வாரத்துக்குமேல் இருமுகிறவனைச் சளிச் சோதனைக்கு அழைத்துப்போவதைச் சங்கத்தின் வேலையாக ஆக்குங்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்க்கு மருந்து இலவசம். அவனை அழைத்துப்போகும் கைதான் குறைவு.

இறுதியாக, பாழடைந்து கிடக்கும் படிப்பகங்களைத் திறந்துவையுங்கள். வேலை முடிந்த பிள்ளைக்குப் போக ஓர் இடம் வேண்டும், பேச ஓர் ஆள் வேண்டும், படிக்க ஓர் ஏடு வேண்டும். இவை மூன்றும் கிடைக்கும் இடத்தில், விரலிடுக்கில் நெருப்பு எதற்கு?

தோழர்களே! 1925-இல் இதே காஞ்சியில் கூடிய மாநாட்டிலிருந்துதான், வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டபோது பெரியார் வெளியேறினார். 'வழக்கமாயிற்றே, பொறுத்துப்போவோம்' என்று அன்று அவர் உட்கார்ந்திருந்தால், நம் வரலாறே வேறாகியிருக்கும். வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் விட்டுவைக்காத மரபு நம் மரபு. உழைப்பவனின் கூலிக்காகப் போராடினோம். அவன் மானத்துக்காகப் போராடினோம். அவன் மொழிக்காகப் போராடினோம். அவன் மூச்சுக்காகவும் போராடுவோம். கூலி உயர்ந்து, அதை வாங்கக் கை நீட்டும் நாளில் அவன் உயிரோடிருக்க வேண்டுமல்லவா?